அடுத்தவன் கை நீளும் முன்: ‘ப்ரீ-எம்ப்ட்’ என்ற வினைச்சொல்

மைசூர் அரண்மனைக்கு வடக்கே, அசோகா ரோட்டை ஒட்டிப் பரந்து கிடக்கும் மண்டி மொஹல்லாவின் பெயரைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஈரோட்டில் மஞ்சள் மண்டி, திருச்சியில் வாழைக்காய் மண்டி என்று மொத்த வியாபாரம் நடக்கும் இடத்துக்கெல்லாம் நம்மிடமும் அதே சொல்தான். மொஹல்லா என்பது உருது வழியாக வந்த அரபுச் சொல். பேட்டை, குடியிருப்புப் பகுதி என்று பொருள். பழைய மைசூர் நகரத்தைக் கோட்டை, லஷ்கர், தேவராஜ, கிருஷ்ணராஜ, மண்டி, சாமராஜ, நஜர்பாத் என்று மொஹல்லாக்களாகத்தான் பிரித்திருந்தார்கள். உருதும் கன்னடமும் தமிழும் ஒரே கடை வாசலில் கேட்கக்கூடிய ஊர் அது.

இந்த அத்தியாயம் ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றியது. அதற்கு மண்டியோடும் உறவு உண்டு, மொஹல்லாவோடும் உறவு உண்டு. மண்டியில் நடப்பது வாங்குவதும் விற்பதும். மொஹல்லாவில் இருப்பது பக்கத்து வீடும் பங்காளி வீடும். ‘ப்ரீ-எம்ப்ட்’ பிறந்தது கொள்முதலில், வளர்ந்தது அண்டை வீட்டு வழக்கில். இன்று அது ராணுவ அறிக்கையிலும் கணினிப் பாடத்திலும் சீட்டாட்டத்திலும் நடமாடுகிறது. பெரும்பாலான அகராதிகள் இதற்கு ‘முன்கூட்டியே தடுத்தல்’ என்று ஒரு வரியில் பொருள் தந்து முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரியை நம்பி எழுதுபவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

சொல்லைப் பிரித்தால் உள்ளே லத்தீன் தெரியும். ‘ப்ரே’ என்றால் முன்பு. ‘எமெரே’ என்றால் வாங்குதல். அடுத்தவர் வாங்குவதற்கு முன் வாங்கிவிடுவது என்பதே மூலப் பொருள். ‘கேவியட் எம்ப்டர்’ என்று வக்கீல்கள் சொல்வதைக் கேட்டிருக்கலாம்: வாங்குபவனே, பார்த்து வாங்கு. அங்கே வரும் எம்ப்டரும் இங்கே வரும் எம்ப்ட்டும் ஒரே வேர்தான். இங்கிலாந்து மன்னர்களுக்கு ஒரு காலத்தில் இந்த உரிமை இருந்தது. அரண்மனைக்கு வேண்டிய தானியத்தையும் இறைச்சியையும் சந்தையில் மற்ற எவரும் தொடுவதற்கு முன், அரசு ஆட்கள் நிர்ணயித்த விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். மக்கள் வெறுத்த இந்த உரிமை 1660-ல்தான் ஒழிக்கப்பட்டது.

மைசூர்ப் பக்கத்திலேயே இதற்கு நெருங்கிய ஓர் உதாரணம் இருக்கிறது: சந்தன மரம். 1792-ல் திப்பு சுல்தான் அதை அரசருக்குரிய மரமாக அறிவித்தார். மரம் யாருடைய காட்டில் வளர்ந்தாலும் அரசுக்கே உரியது என்ற ஏற்பாடு மன்னர் ஆட்சி போன பிறகும் தொடர்ந்தது. நில உரிமையாளருக்கே மரம் சொந்தம் என்று கர்நாடகம் சட்டத்தைத் திருத்தியது 2001-ல். கொல்லையில் நிற்கும் மரத்துக்கு எத்தனை பேர் விலை பேச வந்தாலும் அதன் மீது முதல் கை அரசின் கைதான் என்ற அந்த நிலைமையை மனதில் வைத்துக்கொண்டால் ப்ரீ-எம்ப்ட் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதி, எதிரில் ஒருவர் இருப்பது. இந்த வினைச்சொல் வேலை செய்ய ஒரு பொருள் வேண்டும், அதை நோக்கிக் கை நீட்டும் ஒருவர் வேண்டும், அந்தக் கை வந்து சேரும் முன் அதை எடுத்துவிடும் இன்னொருவரும் வேண்டும். கிராமத்துப் பேருந்து நிலையத்தில் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டை வீசி இடம் பிடிக்கிறார்களே, அது அசல் ப்ரீ-எம்ப்ட். கூட்டமே இல்லாத பேருந்தில் முதலில் ஏறி உட்காருவதற்கு அந்தச் சொல் பொருந்தாது. முந்திக்கொள்ள அங்கே ஆளே இல்லை.

இனி மொஹல்லாவுக்கு வரலாம். இந்தியச் சட்டப் புத்தகங்களில் இந்த வினைச்சொல்லின் நெடுநாள் வீடு, ‘ஷுஃபா’ எனப்படும் இஸ்லாமியச் சட்டப் பகுதி. ஒருவர் தம் வீட்டையோ நிலத்தையோ வெளியாளுக்கு விற்றுவிட்டால், வாங்கியவர் கொடுத்த அதே விலையைக் கொடுத்து அவருடைய இடத்தில் தாம் வந்து உட்காரும் உரிமை சிலருக்கு உண்டு. அப்படி உரிமை உள்ளவர்கள் மூன்று வகை: சொத்தில் பங்குள்ளவர், வழி, தண்ணீர் போன்றவற்றைச் சேர்ந்து அனுபவிப்பவர், ஒட்டிய மனையின் சொந்தக்காரர். பொதுச் சுவரும் பொது முற்றமும் உள்ள நெருக்கமான தெருவில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து குடியேறுவதால் வரும் சச்சரவைத் தவிர்ப்பதே இதன் நோக்கம் என்பார்கள்.

கோரிக்கை வைக்கும் முறையைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். முதல் கோரிக்கைக்கு ‘தலப்-இ-முவாசிபத்’ என்று பெயர். துள்ளி எழுந்து கேட்பது என்று சொல்லலாம். விற்பனை முடிந்தது என்று காதில் விழுந்த உடனேயே, ‘அது எனக்கு வேண்டும்’ என்று சொல்லியாக வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம், மச்சானைக் கேட்டுச் சொல்லலாம் என்று காரணமில்லாமல் தாமதித்தால் உரிமை போய்விடும். அடுத்தது ‘தலப்-இ-இஷாத்’: இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, விற்றவர் முன்போ வாங்கியவர் முன்போ அந்த மனையிலேயே நின்றோ, ‘நான் முன்பே கேட்டேன், இப்போதும் கேட்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் வழக்கு. 1963-ம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் அதற்கு ஓராண்டு தருகிறது.

தப்பிக்கும் வழிகளும் அதே அளவு பழையவை. விற்பவர் தம் மனையில் அண்டை வீட்டுக்காரரின் எல்லையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு நீளமாக ஒரு துண்டை மட்டும் விற்காமல் நிறுத்திக்கொள்வார். மீதியை வெளியாளுக்கு விற்பார். இப்போது விற்ற நிலமும் பக்கத்து நிலமும் ஒட்டியிருக்கவில்லை. ஒட்டிய மனைக்காரர் என்ற தகுதியே பக்கத்து வீட்டுக்காரருக்குப் போயிற்று. ப்ரீ-எம்ப்ட் செய்யப் போனவரையே ப்ரீ-எம்ப்ட் செய்யும் தந்திரம் இது. 1958-ல் பிஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையைப் பலவீனமான உரிமை என்றே வகைப்படுத்தியது. சட்டத்துக்கு உட்பட்ட எந்த வழியிலும் அதை முறியடிக்கலாம் என்றது. 1962-ல் பாவு ராம் வழக்கின் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், வெறும் அண்டை வீடு என்ற காரணத்துக்காக இப்படி ஓர் உரிமை தருவது அரசமைப்புக்கு ஒவ்வாது என்று ஒதுக்கியது. சொத்தில் பங்குள்ளவரின் உரிமை தப்பித்தது. 1986-ல் ஆத்ம பிரகாஷ் வழக்கு, பஞ்சாப் சட்டத்தில் இரத்த உறவை மட்டும் காரணம் காட்டித் தந்திருந்த உரிமையையும் நீக்கியது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதெல்லாம் புதிதாக இருப்பதில் வியப்பில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 1870-லேயே, முஸ்லிம்களுக்கு இடையிலான விற்பனையில்கூட இந்தச் சட்டத்தைப் பொருத்த முடியாது என்று சொல்லிவிட்டது. தன் சொத்தை விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரத்தை அது கட்டிப்போடுகிறது என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. ஊரில் அப்படி வழக்கம் இருப்பதாக நிரூபிக்க முடிந்த மலபார் போன்ற இடங்களில் மட்டும் அது நின்றது. அலகாபாத் தீர்ப்புத் தொகுப்புகளில் பக்கம் பக்கமாக வரும் இந்தச் சொல் சென்னைத் தொகுப்புகளில் அரிதாகத் தென்படுவதற்கு அதுவே காரணம்.

ஆனால் பங்காளி வீட்டு விவகாரம் தமிழருக்கு அந்நியமானதல்ல. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவு இதே யோசனையின் வேறு வடிவம். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்துபோகிறார்; வீடு பிள்ளைகளுக்குப் பொதுவாக வருகிறது; மூத்த மகன் தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் பார்க்கிறார். அப்போது தம்பி, தங்கை முதலான முதல் வகுப்பு வாரிசுகளுக்கு அதை வாங்கும் முன்னுரிமை உண்டு. விலை பேசி முடியாவிட்டால் நீதிமன்றம் விலை வைக்கும். ஒன்றுக்கு மேற்பட்டவர் கேட்டால் அதிகம் தருபவருக்குப் போகும். கேட்டுவிட்டு, நீதிமன்றம் வைத்த விலையைக் கொடுக்க மாட்டேன் என்று பின்வாங்கினால் செலவுத் தொகை அவர் தலையில் விழும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பாபு ராம் வழக்கில் தெளிவுபடுத்தியது. இந்தப் பிரிவு ‘ப்ரீ-எம்ப்ஷன்’ என்று சொல்வதில்லை. ‘முன்னுரிமை’ என்று மட்டும் சொல்கிறது. வக்கீல்களும் பத்திரிகைகளும்தான் அதை ப்ரீ-எம்ப்ஷன் உரிமை என்று அழைக்கிறார்கள். அது தவறும் அல்ல.

கம்பெனிப் பங்குகளிலும் இதே கதை. ஒரு கம்பெனி புதிய பங்குகளை வெளியிட்டு மூலதனத்தைக் கூட்டும்போது, இருக்கிற பங்குதாரர்களுக்கு அவரவர் பங்கு விகிதப்படி முதலில் தர வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 62-வது பிரிவு. ‘ரைட்ஸ் இஷ்யூ’ என்று தபாலிலோ மின்னஞ்சலிலோ வரும் கடிதத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு ப்ரீ-எம்ப்டிவ் உரிமைதான்.

ஒரு விசித்திரம் இருக்கிறது. ப்ரீ-எம்ப்ஷன் என்ற பெயர்ச்சொல்தான் முதலில் வந்தது. வினைச்சொல் அதிலிருந்து பின்னால் வெட்டி எடுத்தது. வெட்டியவர்கள் 19-ம் நூற்றாண்டு அமெரிக்கர்கள். அங்கே அரசு நிலத்தில் பட்டா இல்லாமல் குடியேறி உழுது வந்தவர்கள், அந்த நிலம் பொது ஏலத்துக்கு வருமுன் தாங்களே வாங்கிக்கொள்ள 1841-ல் ஒரு சட்டம் வழி செய்தது: 160 ஏக்கர் வரை, ஏக்கருக்குக் குறைந்தது 1.25 டாலர். ‘அவர் அந்த நிலத்தை ப்ரீ-எம்ப்ட் செய்தார்’ என்று பேச்சு வழக்கில் ஓடத் தொடங்கியது. நிலத்திலிருந்து இடத்துக்கும், இடத்திலிருந்து வாய்ப்புக்கும், வாய்ப்பிலிருந்து எதிராளியின் திட்டத்துக்கும் சொல் தாவியது. அந்த நிலம் ஏற்கனவே பூர்வகுடிகள் வாழ்ந்த நிலம் என்பதை அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. அவர்களிடமிருந்து மற்ற எவரும் வாங்காதபடி, வாங்கும் முதல் உரிமையை அரசே வைத்துக்கொண்டிருந்தது. அதற்கும் ஆங்கிலத்தில் ப்ரீ-எம்ப்ஷன் என்றுதான் பெயர்.

மண்டிக்கு வந்தால் இந்த வினைச்சொல்லின் பங்காளி ஒன்றைச் சந்திக்கலாம்: ‘ஃபோர்ஸ்டால்’. பொருள் கிட்டத்தட்ட ஒன்று, பிறப்பு வேறு. பழைய ஆங்கிலத்தில் அது வழிமறிப்பைக் குறித்தது. பின்னால் அது ஒரு சந்தைக் குற்றத்தின் பெயராயிற்று. கிராமத்திலிருந்து வண்டி கிளம்பிவிட்டது. சந்தை இன்னும் இரண்டு மைல். வழியிலேயே ஒரு தரகர் நின்று, மாட்டைப் பிடித்து நிறுத்தி, மூட்டையில் கையை விட்டு தானியத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, அன்றைய விலை தெரியாத விவசாயியிடம் மொத்தத்தையும் பேசி முடித்துவிடுகிறார். சந்தையில் காத்திருந்தவர்களுக்கு எதுவும் வரவில்லை. பிறகு அவர் சொன்னதே விலை. இடைக்கால இங்கிலாந்தில் இதற்குத் தண்டனை உண்டு. 1552-ல் தனிச் சட்டமே போட்டார்கள். அந்தக் குற்றம் சட்டப் புத்தகத்திலிருந்து முழுக்க நீங்கியது 1844-ல்.

நம் பக்கத்து விவசாயிக்கு இந்தக் காட்சி ஒன்றும் புதிதல்ல. விளைபொருளை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குள்ளேதான் விற்க வேண்டும் என்ற விதிகள் வந்ததற்கு இப்படி வழியில் மடக்கி வாங்கும் வியாபாரமும் ஒரு காரணம். கர்நாடகத்தின் 1966-ம் ஆண்டுச் சட்டம் அந்த வகை. 2020-ல் ஓர் அவசரச் சட்டம் அந்தக் கட்டைத் தளர்த்தியது. மைசூரின் விற்பனைக்கூடம் இப்போது நகருக்கு வெளியே, நஞ்சன்கூடு சாலையில் பண்டிபாளையாவில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, தரகரை வழியிலிருந்தே விலக்கிவிடும் வேறொரு முயற்சி.

எழுதும்போது வித்தியாசம் இதுதான்: ஃபோர்ஸ்டாலில் வழியில் மறிக்கும் வாடை இன்னும் இருக்கிறது, ஒரு நிகழ்வு வந்துசேராமல் பார்த்துக்கொள்வது. ப்ரீ-எம்ப்ட்டில் அடுத்தவர் எடுக்க இருந்ததை நாம் எடுத்துவிடுவது. ‘ஃபோர்ஸ்டால் எ க்ரைசிஸ்’ என்பது காதுக்கு இயல்பாக இருக்கிறது. எதிராளியின் அறிவிப்பைப் பற்றி எழுதும்போது ப்ரீ-எம்ப்ட் பொருத்தம்.

ஆனால் இந்திய அலுவலக ஆங்கிலத்தில் குழப்பம் ஃபோர்ஸ்டாலோடு வருவதில்லை. ‘ஆன்டிசிபேட்’, ‘ப்ரிவென்ட்’ என்ற இரண்டோடுதான் வருகிறது. இவை மூன்றையும் பிரித்துக்காட்டத் தமிழ்ப் பத்திரிகை வாசகருக்குத் தெரிந்த மூன்று சொற்களே போதும்: முன்ஜாமீன், வருமுன் காப்போம், கேவியட் மனு.

முன்ஜாமீனுக்கு ஆங்கிலத்தில் ‘ஆன்டிசிபேட்டரி பெயில்’. 1973-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 482-வது பிரிவு. கைது செய்யப்படுவோம் என்று நம்பக் காரணம் உள்ளவர் கேட்பது. அங்கே அழுத்தம் ‘வரும் என்று எதிர்பார்ப்பதில்’ இருக்கிறது. ஆன்டிசிபேட் என்றால் எதிர்பார்ப்பதும், எதிர்பார்த்துத் தயாராவதும். மழை வரும் என்று குடை எடுத்துக்கொண்டு போவது ஆன்டிசிபேட். மழையை யாரும் ப்ரீ-எம்ப்ட் செய்ய முடியாது. அதற்குப் போட்டியில்லை, திட்டமில்லை.

வருமுன் காப்போம் என்பது 1999-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மருத்துவ முகாம் திட்டம். 2021-ல் ‘கலைஞரின் வருமுன் காப்போம்’ என்ற பெயரில் மறுபடி வந்தது. அது ‘ப்ரிவென்டிவ்’ மருத்துவம். நோய் வராமலே பார்த்துக்கொள்வது. மருத்துவர்களிடம் ‘ப்ரீ-எம்ப்டிவ்’ என்ற சொல்லும் உண்டு, ஆனால் அது வேறு வேளைக்கு. சிறுநீரகம் செயலிழந்து வருகிறது, டயாலிசிஸ் தொடங்கும் நாள் நெருங்குகிறது. அதைத் தொடங்கும் முன்பே மாற்று அறுவைச் சிகிச்சை செய்துவிட்டால் அதற்குப் பெயர் ப்ரீ-எம்ப்டிவ் மாற்றுச் சிகிச்சை. நோய் வந்துவிட்டது. முந்திக்கொண்டது டயாலிசிஸைத்தான்.

போராட்டத்துக்கு முந்தின இரவு தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போவதை நம் பத்திரிகைகள் ‘முன்னெச்சரிக்கைக் கைது’ என்கின்றன. ஆங்கிலத்தில் சட்டப்பெயர் ‘ப்ரிவென்டிவ்’ என்றே இருக்கிறது, தடுப்புக்காவலுக்கும் அப்படியே. பொருளைப் பார்த்தால் அங்கே ப்ரீ-எம்ப்டிவ் என்பதும் பொருந்தும், ஏனென்றால் எதிரில் ஆளும் இருக்கிறார், தேதி குறித்த திட்டமும் இருக்கிறது. ஆனாலும் சட்டம் வைத்த பெயரை மாற்றி எழுதக் கூடாது.

கேவியட் மனுதான் சரியான ப்ரீ-எம்ப்ட். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவுப்படி, எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கிவிடும் என்று நினைப்பவர், ‘என்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம்’ என்று முன்னதாக மனு வைக்கிறார். 90 நாள் செல்லும். 2017 ஜனவரி 21-ல் ஜல்லிக்கட்டு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்த கையோடு தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் கேவியட் போட்டது இதற்காகத்தான். முந்தைய ஆண்டுகளில் இதே விஷயத்தில் வந்த தடைகளைப் பார்த்துச் சலித்திருந்த அரசு, எதிராளியின் அடுத்த நடை எதுவென்று தெரிந்து அந்தக் கட்டத்தில் முதலில் காயை வைத்தது. இதை ஆங்கிலத்தில் எழுதுபவர், ‘தமிழ்நாடு கவர்ன்மென்ட் ஃபைல்டு எ கேவியட் டு ப்ரீ-எம்ப்ட் எ ஸ்டே’ என்று தாராளமாக எழுதலாம்.

போர்ச் செய்திகளில் இந்தச் சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. பன்னாட்டுச் சட்டம் படிப்பவர்கள் ப்ரீ-எம்ப்டிவ் தாக்குதலையும் ப்ரிவென்டிவ் தாக்குதலையும் பிரிக்கிறார்கள். எதிரி கையை ஓங்கிவிட்டான், அடி விழும் முன் நாம் அடிப்பது முதலாவது. என்றோ ஒருநாள் ஓங்கக்கூடும் என்று இன்றைக்கே அடிப்பது இரண்டாவது. 1967 ஜூன் 5 காலையில் எகிப்தின் விமானத் தளங்களை இஸ்ரேல் தாக்கியதை முதல் வகைக்கு உதாரணமாகப் பாடப் புத்தகங்கள் காட்டுகின்றன. அதுவே விவாதத்துக்கு உரியது என்பவர்களும் உண்டு. 1981 ஜூன் 7-ல் ஈராக்கின் ஓசிராக் அணு உலையைத் தாக்கியது இரண்டாவது வகை. 2002-ல் அமெரிக்கா வெளியிட்ட தேசியப் பாதுகாப்பு ஆவணம் இரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டை அழித்தது. இரண்டாவது வகைச் செயலுக்கு முதல் வகைப் பெயரைச் சூட்டிக்கொண்டால் கேட்பவர் காதில் நியாயம் கூடிவிடுகிறது. அடுத்த ஆண்டு ஈராக் போர் வந்தது.

2019 பிப்ரவரி 26 காலை, பாலாகோட் தாக்குதலை அறிவித்த இந்திய வெளியுறவுச் செயலர் விஜய் கோகலே பயன்படுத்தியதும் இதே சொல்தான். ராணுவத்தைக் குறிவைக்காத ப்ரீ-எம்ப்டிவ் நடவடிக்கை என்றார். அந்த அறிக்கையில், இன்னொரு தற்கொலைத் தாக்குதலுக்குத் தயாரிப்பு நடப்பதாக உளவுத் தகவல் இருந்தது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் சொல்லை வைத்தார்கள். எதிரில் நீண்ட கை இருக்கிறது என்று காட்டாமல் அந்தச் சொல்லை நிறுத்த முடியாது என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மைசூரோடு பழக்கமுள்ள தமிழ் இளைஞர்களில் பலர் அந்த ஊரைத் தெரிந்துகொண்டது மண்டி மொஹல்லா வழியாக அல்ல, இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் வழியாக. கணினிப் பாடம் படித்தவர்களுக்கு ப்ரீ-எம்ப்ட் சட்டமும் அல்ல, போரும் அல்ல, இயங்குதளத்தின் வேலை. ஒரு செயலி பிராசசரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அவசரமான வேறொன்று வரிசையில் வந்து நிற்கிறது. ஓடுவதை இயங்குதளம் பாதியில் நிறுத்தி, பிராசசரை அவசரக்காரனுக்குக் கொடுக்கிறது. விண்டோஸ் 3.1 இதைச் செய்யவில்லை. ஒவ்வொரு செயலியும் தானாக முன்வந்து இடம் விட வேண்டும் என்று அது எதிர்பார்த்தது. ஒன்று விடாப்பிடியாக உட்கார்ந்துவிட்டால் திரையே உறைந்துவிடும். விண்டோஸ் 95 அந்த அதிகாரத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. லினக்ஸில் இந்தப் பெயரிலேயே ஒரு திட்டம் இருபது ஆண்டுக்கு மேல் தனியாக வளர்ந்து, 2024-ல் 6.12 பதிப்பில் மூலக் கெர்னலோடு சேர்ந்தது: ப்ரீஎம்ப்ட்-ஆர்டி. இங்கே ஒரு நுட்பம் உண்டு. மற்ற துறைகளில் பெரும்பாலும் அடுத்தவர் எடுக்கும் முன் எடுப்பது. கணினியில் அடுத்தவர் கையில் இருப்பதையே பிடுங்குவது. அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் அப்படித்தான்: ஜனாதிபதி உரைக்காக வழக்கமான நாடகத்தை நிறுத்தினால், அந்த நாடகம் ‘ப்ரீ-எம்ப்டட்’.

கான்ட்ராக்ட் பிரிட்ஜ் ஆடுபவர்களுக்கு இது அன்றாடச் சொல். கையில் பெரிய சீட்டு இல்லை, ஒரே இனத்தில் ஏழு சீட்டு மட்டும் இருக்கிறது; ஆட்டத்தைத் திறக்கும்போதே ‘த்ரீ ஹார்ட்ஸ்’ என்று உயரத்தில் கேட்டுவிடுகிறார்கள். ஜெயிப்பதற்கல்ல. எதிராளிகள் இருவரும் ஒன்றிலும் இரண்டிலும் கேட்டுக் கேட்டுத் தங்கள் கையை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ள வேண்டிய இடத்தை முதலிலேயே அடைத்துவிடுவதற்கு. லத்தீன் மூலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கும் பயன்பாடு வேறு இல்லை என்றே சொல்லலாம்.

கடைசியாக, அலுவலகக் கடிதத்தில் எப்படி எழுதுவது என்பது. ப்ரீ-எம்ப்ட் ஒரு பெயர்ச்சொல்லைக் கேட்கும், வாக்கியத்தைக் கேட்காது. ‘ஐ ப்ரீ-எம்ப்ட் தட் த லாரி வில் பி லேட்’ என்று எழுதுவது தவறு. லாரி தாமதமாகும் என்று நினைப்பதற்கு ஆன்டிசிபேட் போதும், ‘எக்ஸ்பெக்ட்’ இன்னும் எளிது. எதைத் தடுத்தோமோ, எதை எடுத்தோமோ, அதை நேராக வினைக்குப் பின் வைத்து, எப்படிச் செய்தோம் என்பதை ‘பை’ போட்டுச் சொல்வது நல்ல வழக்கு: ‘த மேனேஜ்மென்ட் ப்ரீ-எம்ப்டட் த ஸ்ட்ரைக் பை அனவுன்சிங் த போனஸ்’. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு பல தொழிற்சாலைகளில் நடப்பது அதுதான். ஆளையும் செயப்படுபொருளாக வைக்கலாம். நான் சொல்ல வாய் திறந்தேன், அவர் முந்திக்கொண்டார் என்பதற்கு ‘ஹி ப்ரீ-எம்ப்டட் மீ’. ஆனால் ப்ரிவென்டுக்குப் பின் ‘ஃப்ரம்’ வருவது போல இதற்குப் பின் வராது. ‘ப்ரீ-எம்ப்டட் ஹிம் ஃப்ரம் ஸ்பீக்கிங்’ என்பது கலப்படம்.

கூட்டத்தை வெள்ளியிலிருந்து வியாழனுக்கு முன் தள்ளுவதற்கு இந்தியர்கள் ‘ப்ரிபோன்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டார் சிரித்தாலும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் அதைச் சேர்த்துக்கொண்டுவிட்டன. அந்த இடத்தில் ப்ரீ-எம்ப்ட் போடக் கூடாது. ஆனால் எதிர்க்கோஷ்டி வெள்ளிக்கிழமை தன் கூட்டத்தைப் போடப்போகிறது என்று தெரிந்து வியாழனுக்கு மாற்றினால், கூட்டம் ப்ரிபோன், எதிர்க்கோஷ்டி ப்ரீ-எம்ப்ட்.

எழுத்துக்கூட்டலில் பிரிட்டிஷார் நடுவில் சிறு கோடு போடுகிறார்கள், அமெரிக்கர்கள் சேர்த்தே எழுதுகிறார்கள். இந்தியப் பத்திரிகைகளில் இரண்டும் உண்டு. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். பெயரடை ‘ப்ரீ-எம்ப்டிவ்’. ‘ப்ரீ-எம்ப்டரி’ என்று பலர் எழுதுவது வேறு சொல்லின் நிழல் விழுந்ததால். அந்த வேறு சொல் ‘பெரம்ப்டரி’. மறுபேச்சுக்கு இடமில்லாத, கட்டளை போன்ற என்று பொருள். அதுவும் அதே ‘எமெரே’ வேரிலிருந்து கிளைத்ததுதான் என்றாலும், மேலதிகாரியின் உத்தரவைப் பாராட்டிக் கடிதம் எழுதும்போது இரண்டையும் மாற்றிப்போட்டால் பாராட்டு புகாராகிவிடும்.